டோல்கீனின் எதிர்த்தலைவர்கள்: அச்சமும் நம்பகமும்

ஜே.ஆர்.ஆர். டோல்கீன் எழுதிய ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. 1956ஆம் ஆண்டிலேயே அந்நூலின் எதிர்த்தலைவனைப் பற்றி இரண்டு பெருந்திறனாய்வாளர்கள் முரண்பட்ட முடிவுகளைக் கூறினர். சனவரியில் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதிய கவிஞர் டபிள்யூ.எச். ஆடன், தீமைக்கு எல்லா வலிமையும் இருந்தும் கற்பனைத்திறன் மட்டும் இல்லை என்பதே அதன் வீழ்ச்சிக்குக் காரணம் என்றார். நன்மை தான் தீமையாக மாறக்கூடும் என்பதை எண்ணிப் பார்க்கவல்லது. தீமைக்கோ தன்னையன்றிப் பிறிதொன்றை எண்ணவியலாது என்பது அவர் கருத்து. ஏப்ரலில் ‘தி நேஷன்’ இதழில் எழுதிய எட்மண்ட் வில்சன், அஞ்சத்தக்கவர் எனப் பேசப்படும் எவரும் இந்நூலில் மெய்யான உருப்பெறவில்லை என்றார். கருங்குதிரை வீரர்கள் வெறும் ஆவிகளாகவே நின்றுவிடுகின்றனர்; ஓர்க்குகள் வெளிப்படையான கொடுஞ்செயல் எதனையும் அருகியே செய்கின்றனர் என்பன அவர் காட்டிய குறைகள்.

காவிய மிகுபுனைவு என இன்று வழங்கும் நாவல்வகை பெரிதும் இந்நூலை முன்மாதிரியாகக் கொண்டு வளர்ந்தது. ஆதலின், சௌரான் என்னும் இருள்தலைவன் நம்பத்தக்கவனா, அஞ்சத்தக்கவனா என்னும் வினா ஒரு நூலோடு நிற்பதன்று. வில்சன் எழுப்பியது அச்சத்தைப் பற்றிய ஐயம். ஆடன் விளக்க முயன்றது நம்பகத்தைப் பற்றியது. இவ்விரண்டும் வேறுவேறானவை என்பது இத்துறைத் திறனாய்வில் பலகாலும் மறக்கப்படுகிறது. நம்பத்தக்க தீயோன் அச்சுறுத்தாமற் போகலாம். அச்சுறுத்துபவன் அறிவற்றவனாகவும் இருக்கலாம்.

அச்சத்தின் களங்கள்

தமிழ் மரபில் அச்சம் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்று. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கும் அச்சத்திற்கு நிலைக்களன்களாகத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் கூறப்பட்டுள்ளன. அயல்மொழி நாவல் ஒன்றிற்கு இவ்வளவுகோலைக் கொள்வது வலிந்து பொருத்துவதாகத் தோன்றலாம். ஆயினும் வில்சனின் குற்றச்சாட்டை எடைபோட இதனினும் கூரிய கருவி கிடைப்பது அரிது. மெய்ப்பாடு என்பது அஞ்சப்படும் பொருளிடத்து உள்ளதன்று; அஞ்சுவோன் மெய்யில் புலப்படுவது. பேய் மெய்யாக உள்ளதா என்பதைவிட, அதனைக் கண்டவன் உடல் என்னாயிற்று என்பதே கேட்கத்தக்க வினா.

அணங்கும் விலங்கும் இந்நூலில் எளிதிற் காணக்கூடியவை. கருங்குதிரை வீரர் முதல்வகையினர். குகையில் வாழும் ஷீலோப் என்னும் பெருஞ்சிலந்தி இரண்டாம் வகை. கருங்குதிரை வீரருக்கு முகமில்லை. வழியோரத்தில் குனிந்து மோப்பம் பிடிப்பதும் தொலைவிலிருந்து கூவுவதுமே பெரும்பாலும் அவர்தம் செயல். வில்சன் கூறியவாறு இவை சிறியனவே. ஆனால் வெதர்டாப் குன்றில் ஃபுரோடோவின் இடத்தோளில் பாய்ந்த கத்தியின் விளைவைத் தொடர்ந்து நோக்கினால் வேறொன்று தெரியும். அக்காயம் ஆறியும் ஆறுவதில்லை. போர் முடிந்து பகைவன் அழிந்த பின்னரும், காயம்பட்ட அதே நாள் வரும்போது ஃபுரோடோ நோயுறுகிறான். மோர்டோர் நிலத்தில் நடக்கும்போது உணவின் சுவையும் நீரின் தொடுகையும் காற்றின் ஓசையும் அவன் நினைவிலிருந்து அகன்றுவிடுகின்றன; கண்முன் நெருப்பு வட்டம் ஒன்றே நிற்கிறது. சௌரான் நூலில் நேரே தோன்றுவதேயில்லை. அவனது வன்மை முழுவதும் ஒரு சிறிய மனிதனின் உடலில் எழுதப்பட்டுள்ளது. வில்சன் தேடிய மெய்ம்மை இங்கே உள்ளது. அவர் தேடிய இடம் வேறு.

நான்காவதாகிய ‘தம் இறை’ என்பதே இந்நூலில் மிகச் சிறப்பாக அமைந்த அச்சம் எனலாம். சிரித் உங்கோல் கணவாயில் ஷாக்ரத், கோர்பாக் என்னும் இரண்டு ஓர்க்குத் தலைவர்கள் உரையாடுவதைச் சாம் மறைந்திருந்து கேட்கிறான். அவர்கள் பேசுவது பெரும்பாலும் படைவீரர்தம் அன்றாட முறையீடு. மேலிடத்தார் உண்மையைச் சொல்வதில்லை. பிழை நேர்ந்தால் பழி கீழுள்ளோர் மேல் விழும். போர் முடிந்தால் நம்பகமான சிலரோடு எங்கேனும் சென்று பிழைத்துக்கொள்ளலாம். இப்பேச்சினிடையே குரலைத் தாழ்த்திக்கொள்ளவும் அவர்கள் தவறுவதில்லை. யார் கேட்டு மேலே சொல்வர் என்பது தெரியாது. தன் குடிகளே தன் பெயரை உரக்கச் சொல்ல அஞ்சும் அரசன் என்னும் செய்தி, ஆயிரம் கோபுரங்களின் வருணனையினும் வலியது. மினாஸ் திரித் நகரின் முற்றுகையில், மாண்ட வீரர்தம் தலைகளைக் கண்ணின் குறி பொறித்துக் கவண்பொறிகளால் நகருக்குள் எறிகின்றனர். வெளிப்படையான கொடுஞ்செயல் இல்லை என்னும் கூற்றுக்கு இது ஒன்றே மறுமொழியாகும்.

சௌரானின் கணக்கு

எதிர்த்தலைவனின் அறியாமையால் தலைவன் வெல்வது புனைவின் பழைய நோய். சௌரான் அவ்வாறு வீழ்ந்தானா என்பதை நூலின் பிற்சேர்க்கையிலுள்ள நாட்குறிப்பின் துணையோடு காணலாம். கதைக்குள் வரும் 3019ஆம் ஆண்டு மார்ச்சு 5ஆம் நாள் பிப்பின் என்னும் ஹாபிட் காட்சிக்கல்லுள் நோக்கிச் சௌரானிடம் அகப்படுகிறான். மோதிரம் ஒரு ஹாபிட்டிடம் உள்ளது என்பதைக் கோல்லத்தை வதைத்து முன்னரே அறிந்த சௌரான், அது சாருமானின் கோட்டையில் சிக்கியுள்ளது என்று முடிவு செய்கிறான். மறுநாள் அரகோர்ன் அதே கல்லில் தன்னை அரசுரிமையுடையோனாக வெளிப்படுத்துகிறான். மோதிரம் இவன் கைக்கு மாறிவிட்டது, இவன் அதனை ஆளக் கற்குமுன் தாக்கவேண்டும் என்று சௌரான் விரைகிறான். மார்ச்சு 15ஆம் நாள் நடந்த பெலன்னோர்ப் போரில் தோற்ற பின், ஏழாயிரம் பேரோடு அரகோர்ன் கருவாயிலை நோக்கி வருகிறான். இத்துணைச் சிறுபடையோடு வருபவன் மோதிரத்தை நம்பியே வருகிறான் என்பது அடுத்த முடிவு. மோர்டோரின் உள்நாடு வெறுமையாகிறது. ஒவ்வொரு முடிவும் கிடைத்த சான்றுகளிலிருந்து முறையாகப் பிறந்தது; அவை அனைத்தும் பிழை. அறிவுடைய பகைவனைத் தோற்கச் செய்வதற்கு இதனினும் நேர்மையான வழி அரிது.

ஆடனின் விளக்கம் இவ்விடத்திற்கு நன்கு பொருந்தும். மோதிரத்தை யாரேனும் அழிக்க எண்ணுவர் என்பது சௌரானுக்குத் தோன்றவில்லை. எரிமலையின் வாயிலில் காவலும் இல்லை. ஆயினும் மார்ச்சு 25ஆம் நாள் அந்நெருப்பின் விளிம்பில் நடப்பது யாது? ஃபுரோடோ மோதிரத்தை எறியவில்லை. தனதென்று உரிமை கொண்டாடி அணிந்துகொள்கிறான். கோல்லம் அவன் விரலைக் கடித்தெடுத்து, நிலை தடுமாறி விழுவதால்தான் அது அழிகிறது. அதாவது, எவரும் தாமாக இதனை அழிக்கமாட்டார் என்று சௌரான் கொண்டிருந்த கணிப்பு முடிவில் மெய்யாகிவிடுகிறது. அவன் மனித மனத்தை அறியாதவன் அல்லன். ஒரு பகுதியை மிக நன்றாக அறிந்தவன். அவன் கணக்கில் வராதது, கொல்லத்தக்க கோல்லத்தைப் பில்போவும் ஃபுரோடோவும் சாமும் வெவ்வேறு காலங்களில் இரங்கி விட்டுவிட்டமை. ஆடன் இதனைக் கற்பனையின்மை என்பது பாதி உண்மையே.

குறையும் உண்டு. ஃபுரோடோவின் மித்ரில் கவசமும் சாமின் வாளும் சௌரானிடம் சேர்ந்துவிடுகின்றன. கருவாயிலில் அவனுடைய தூதன் அவற்றையே காட்டி மிரட்டுகிறான். எல்லைக்குள் ஹாபிட் ஒருவன் நுழைந்தான் என்பது தெரிந்த பின்னும் அவனை ஒற்றன் என்று மட்டுமே கொள்வது, முன்னர்க் கண்ட கூர்மைக்குப் பொருந்தவில்லை. அரகோர்ன்மீது கொண்ட ஐயம் கண்ணை மறைத்தது எனலாம். ஆனால் ஆசிரியர் அவ்வாறு காட்டாமல் விரைந்து கடந்துவிடுகிறார்.

இக்குறைக்கு அமைப்பு சார்ந்த காரணம் ஒன்று உண்டு. சௌரானின் எண்ணங்களை அவன் பகைவரே ஊகித்துச் சொல்கின்றனர். அவன் எதிரே நின்று மறுத்துப் பேசுவார் எவருமில்லை. கம்பனின் இராவணனுக்கு மந்திரச் சுற்றம் உண்டு. வீடணன் மட்டுமன்று, கும்பகருணனும் சீதையை விட்டுவிடுமாறு கூறுகிறான். தன் இறுதிப் போருக்குமுன் இந்திரசித்தும் அதனையே கூறுகிறான். ஒவ்வொரு முறையும் இராவணன் கேட்கிறான், மறுக்கிறான். தேர்வு கண்ணெதிரே நிகழ்கிறது. முதல்நாட் போரில் எல்லாம் இழந்து திரும்புகையில் தேவர் நகைப்பதற்கன்றிச் சானகி நகைப்பாளே என்று நாணும் ஒருவனை நம்பாமல் இருக்கவியலாது. சௌரானின் உள்ளம் வெளிப்படையாகத் திறக்கும் இடம், ஃபுரோடோ மோதிரத்தை அணிந்த அந்நொடி. தன் பேதைமையின் அளவை அவன் ஒருங்கே உணர்கிறான். அச்சம் அவனையே பற்றுகிறது. இருள்தலைவன் மனிதனைப் போலாகும் அந்நொடியோடு அவன் கதையும் முடிந்துவிடுகிறது.

பின்வந்தோர்

டோல்கீனைப் பின்பற்றியோர் பலர் முகமற்ற இருள்தலைவனை மட்டும் எடுத்துக்கொண்டு, அவனுக்கு அஞ்சும் உடல்களை விட்டுவிட்டனர். 1996இல் டயானா வின் ஜோன்ஸ் இவ்வுலகங்களுக்குச் சுற்றுலாக் கையேடு எழுதி எள்ளுமளவிற்கு அவ்வுரு தேய்ந்துபோயிற்று. ராபர்ட் ஜோர்டனின் நெடுந்தொடரில் ‘கைவிடப்பட்டோர்’ எனப்படும் பதின்மூவர் ஒருவரையொருவர் வஞ்சிப்பது நம்பத்தக்கதே. ஆனால் 1994இல் வெளிவந்த ஆறாம் தொகுதியில் மாண்டவர் இருவர் புதிய உடல்களில் மீள்கின்றனர். மீளக்கூடியவனின் சாவும் பொருளற்றது, அவனை வெல்வதும் பொருளற்றது. ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் எதிர்வழியில் சென்றார். 1996இல் வந்த முதல் தொகுதியில் சிறுவனொருவனைக் கோபுரச் சாளரத்திலிருந்து தள்ளிவிடும் ஜெய்மி, 2000இல் வந்த மூன்றாம் தொகுதியில் தன் நோக்கில் கதை சொல்லத் தொடங்குகிறான். நம்பகம் பெருகுகிறது, அவன்பால் இருந்த அச்சம் அங்கேயே கரைந்துவிடுகிறது.

இரண்டையும் ஒருங்கே தக்கவைத்துக்கொண்டவன் டோல்கீனின் சாருமான்தான். கோட்டை இடிந்து படையிழந்த பின்னும் அவன் பேசத் தொடங்கியதும் ரோகான் வீரர்கள் மயங்குகின்றனர். தங்கள் அரசன் ஏன் இத்துணை இனிய மொழிக்கு இணங்கவில்லை என்று வருந்துகின்றனர். அவன் குரலில் மந்திரம் உண்டு என்கிறது நூல். படிப்போர்க்கு அது அரசியல் மேடைகளிற் கேட்டறிந்த குரலாகவே ஒலிக்கும். நூலின் இறுதியில் அவன் ஷயர் என்னும் சிற்றூர்ப் பகுதிக்கு வந்து மரங்களை வெட்டுகிறான். விளைச்சலைப் பங்கிடுவதாகச் சொல்லிக் கவர்கிறான். சுவரில் விதிமுறைகளை ஒட்டுகிறான். உலகையாள எண்ணியவன் கிராமத்தைக் கெடுப்பதோடு நின்றது தாழ்வாகத் தோன்றியது போலும். 2003இல் வந்த பீட்டர் ஜாக்சனின் திரைப்படத்தில் இப்பகுதி இடம்பெறவில்லை. நாவலிலோ இப்பகுதியிற்றான் தீமை முதன்முறையாக அடுத்த வீட்டாரின் முகத்தோடு வருகிறது. ஹாபிட்டுகள் சிலரே அதற்கு ஏவல் செய்கின்றனர். கத்தியால் குத்த முயன்ற சாருமானைக் கொல்லவேண்டாம் என்று ஃபுரோடோ தடுக்கிறான். அப்போது சாருமானின் கண்களில் வியப்பும் மதிப்பும் வெறுப்பும் கலந்து தோன்றுகின்றன. தன் பழிவாங்கலின் இனிமையையும் பறித்துக்கொண்டாய் என்று அவனைக் கடிந்துவிட்டு நடக்கிறான். சில அடிகள் செல்வதற்குள் தன் ஏவலாளின் கத்திக்கு இரையாகிறான்.