விலை வைக்க முடியாத இறைச்சி

கூடாரத்துக்குள் நுழையும் வாசலிலேயே அந்த அறிவிப்பைத் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே பரிமாறப்படும் காட்டிறைச்சியை எந்த அரசப் பரிசோதகரும் பார்க்கவில்லை, தெரிந்துகொண்டு சாப்பிடுங்கள் என்பது அதன் சாரம். என்னோடு வந்தவர் முல்லைத்தீவுக்காரர். மரை வத்தலும் காட்டுத் தேனுமாக வளர்ந்தவர். நின்று வாசித்துவிட்டு, "எங்கட காட்டில ஆர் அண்ணை சீல் குத்தினது?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டாவது தட்டுக்கு எழுந்தபோது அந்தக் கேள்வி திரும்ப வந்தது.

ரொறன்ரோவில் பல ஆண்டுகள் இருந்தும் இந்த விருந்துகளை எட்டிப் பார்க்காத தமிழர்களே அதிகம். நகரத்தின் ஓரங்களிலும் அதற்கு வடக்கே உள்ள ஊர்களிலும் வேட்டைக் கழகங்களும் தேவாலயங்களும் ஆண்டுக்கொரு முறை நடத்துபவை. போன இலையுதிர்காலத்தில் சுட்டு உறைபெட்டியில் வைத்திருந்த மூஸ், வெண்வால் மான், கருங்கரடி, காட்டு வான்கோழி ஆகியவற்றை உறுப்பினர்கள் சும்மா கொண்டுவந்து கொடுக்கிறார்கள். நுழைவுச்சீட்டுக்குத்தான் காசு. திரளும் பணம் ஒரு மருத்துவமனைக்கோ, சிறுவர் முகாமுக்கோ, ஓர் ஓடையைச் சீராக்கும் வேலைக்கோ போகிறது. நல்ல காரியம் என்று முதுகில் தட்டிவிட்டு எழுந்து வந்துவிடலாம். ஆனால் இந்த விருந்தில் மெச்சத்தக்கது வேறு எங்கோ இருக்கிறது, குறையும் வேறு எங்கோ இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் சட்டம். ஒன்ராறியோவில் துவக்கெடுத்துக் காட்டுக்குப் போய் மானைச் சுடலாம், சமைக்கலாம், அயலவருக்குக் கொடுக்கலாம். விற்க முடியாது. 1997 ஆம் ஆண்டின் மீன், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் கதவை அடைத்திருக்கிறது. உணவக அட்டையில் மான் இறைச்சி என்றிருந்தால் அது பண்ணை மான். 2018 மார்ச்சில் டண்டாஸ் மேற்கில் உள்ள 'அன்ட்லர்' உணவகத்தின் முன் சைவ உணவுப் போராட்டக்காரர்கள் திரண்டு நின்றபோது, அதன் சமையற்கலைஞர் மைக்கேல் ஹன்டர் சன்னலோரத்தில் மேசை போட்டு ஒரு மான் தொடையை அவர்கள் கண்முன்னே அரிந்தார். உலகமெல்லாம் அந்தக் காட்சியைப் பார்த்தது. காட்டுணவுக்காக நடந்த சண்டை போலத்தான் தெரிந்தது. அந்த உணவகம் பரிமாறியதோ பண்ணையில் வளர்ந்த மானைத்தான்; சட்டப்படி அதற்கு வேறு வழியும் இல்லை. உண்மையான காட்டு மானைப் பொது இடத்தில் ஒரு ரொறன்ரோவாசி ருசி பார்க்க வேண்டுமென்றால், அறக்கொடை விருந்துக்கென்று சட்டம் விட்டுவைத்த சின்னத் திட்டிவாசல் வழியாகத்தான் போக வேண்டும்.

இந்தத் தடைக்குப் பின்னால் ஒரு சாவு இருக்கிறது. எற்றோபிக்கோவின் ஏரிக்கரையில் மிமிக்கோ என்றொரு பகுதி. ஒஜிப்வே மொழியில் காட்டுப் புறாக்களின் இடம் என்று அதற்குப் பொருள். பயணப்புறா என்ற அந்த இனம் வானத்தை மறைத்துக்கொண்டு பறந்த காலம் இருந்தது. ரயில் வந்தது, நகரச் சந்தை வந்தது, புறாவுக்கு விலை வந்தது. பீப்பாய் பீப்பாயாக அடைத்து அனுப்பினார்கள். கடைசிப் பறவை 1914 செப்டெம்பர் 1 அன்று சின்சினாட்டி மிருகக்காட்சிசாலையில் செத்தது. மிமிக்கோவில் இப்போது ரயில் நிலையம் இருக்கிறது. பசிக்குச் சுட்டவர்கள் நெடுங்காலம் சுட்டும் தீராத இனம், விற்பதற்குச் சுடத் தொடங்கியபின் சில பத்தாண்டுகளில் முடிந்துபோனது. ஒன்ராறியோவிலிருந்து ஒருகாலத்தில் முற்றாக அழிந்த காட்டு வான்கோழி இதற்கு மறுபக்கம். 1984 இல் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள், 1987 இல் கட்டுப்பாட்டோடு வேட்டையும் தொடங்கியது. இன்று பறவை பெருகியிருக்கிறது. அன்று என் தட்டில் கிடந்த நெஞ்சுத் துண்டு அந்த மீட்சியின் ஒரு துண்டு.

இந்தியா 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தால் வேட்டையையே ஏறத்தாழ முழுக்க மூடியது. மதுரை, சிவகங்கைப் பக்கத்துப் பாரிவேட்டை, ஊரே சேர்ந்து முயல் பிடித்து ஊருக்கே பங்கு வைத்த வழக்கம், வனத்துறைக்கு அஞ்சி மறைவாக நடக்கும் குற்றமாகிவிட்டது. எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை; மக்கள் நெருக்கம் வேறு, காட்டின் அளவு வேறு. ஒன்ராறியோ வைத்திருக்கும் கோடு எனக்குப் பிடித்திருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். கொல்வதற்கு அளவு வைத்து, கொடுப்பதற்கு வழிவிட்டு, விற்பதை அடைத்த கோடு அது.

அதனால்தான் இந்தக் கூடாரத்தில் நடப்பது அபூர்வமானது. மூஸ் சுடுவதற்கான அனுமதிக்குக் குலுக்கலில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. 2021 முதல் காத்திருந்த ஆண்டுகளுக்குப் புள்ளி சேரும் முறை வந்திருக்கிறது. அப்படிக் கிடைத்த விலங்கின் பின்தொடையை முன்பின் தெரியாத எனக்கு ஒருவர் வெட்டி வைக்கிறார். நம் ஆட்களின் பங்கிறைச்சியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். தீபாவளிக்கு நாலைந்து வீட்டார் சேர்ந்து ஓர் ஆடு வாங்கி, ஈரலும் எலும்பும் எல்லாக் குவியலிலும் விழும்படி பங்கு வைப்பது யாழ்ப்பாணத்திலும் நடந்தது, ஸ்காபுரோவிலும் நடக்கிறது. அதில் நியாயம் உண்டு, ஆனால் ஒவ்வொரு குவியலுக்கும் காசு கொடுத்தவன் ஒருவன் இருக்கிறான். திருமங்கலத்துக்குப் பக்கத்தில் வடக்கம்பட்டி முனியாண்டி கோயிலில், முனியாண்டி விலாஸ் முதலாளிகள் ஆண்டுதோறும் கிடாய் வெட்டிப் பிரியாணி ஆக்கி வருகிறவருக்கெல்லாம் இலவசமாகப் போடுவது இதற்கு இன்னும் கிட்ட வருகிறது. அங்கே இலைக்கு முன் உட்கார ஒருவர் பசியோடு வந்தால் போதும்.

ரொறன்ரோ விருந்து வழுக்குவதும் இங்கேதான். டெய்லி பிரெட் உணவு வங்கியின் கணக்குப்படி 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை இந்த நகர உணவு வங்கிகளுக்கு மக்கள் 34 லட்சத்து 90 ஆயிரம் தடவை போயிருக்கிறார்கள். பத்தில் ஒருவருக்கு மேல் அவற்றை நம்பி இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரையும் நான் அந்தக் கூடாரத்தில் பார்த்ததாக நினைவில்லை. பார்க்கும் வழியும் இல்லை: சீட்டின் விலை, கார் இல்லாமல் போய்ச் சேர முடியாத இடம். விலையற்ற இறைச்சி வசதியுள்ளவர்களின் தட்டுக்கும், அந்தத் தட்டுக்குக் கொடுத்த காசு இல்லாதவர்களின் பேரில் எங்கேயோ ஒரு கணக்குக்கும் போகின்றன. இடையில் ஏலமும் குலுக்கலும். கத்தி, தூண்டில், கூடாரம், சில இடங்களில் துவக்கு. விற்கக் கூடாத ஒன்றைச் சுற்றி விற்கக்கூடிய அனைத்தும் விற்றுத் தீர்கின்றன. வருமானவரிக்காரருக்கும் இது ஒரு புதிராக இருக்க வேண்டும். அறக்கொடைச் சீட்டுக்கு வரிச்சலுகை தரும்போது நீங்கள் சாப்பிட்ட சாப்பாட்டின் சந்தை விலையைக் கழித்துத்தான் பற்றுச்சீட்டு எழுத வேண்டும். சந்தையே இல்லாத இறைச்சிக்குச் சந்தை விலை என்ன?

ரொறன்ரோ இருக்கும் நிலத்தில் இதைவிடப் பழைய ஒரு விருந்து விதி உண்டு. ஹோடனோஷோனி மக்களும் அனிஷினாபே மக்களும் தங்கள் பொதுவான வேட்டை நிலத்துக்காகச் செய்துகொண்ட உடன்படிக்கைக்கு 'ஒரு கலம், ஒரு கரண்டி' என்று பெயர். நம் விழா மேடைகளிலும் தொடக்கத்தில் யாராவது ஒருவர் ஆங்கிலத்தில் அவசரமாக வாசித்துவிட்டுப் போவார், காதில் விழுந்திருக்கும். காடு ஒரே கலம். எல்லாருக்கும் ஒரே கரண்டி. தேவைக்கு எடு, அடுத்தவனுக்கு விட்டுவை, கலத்தைச் சுத்தமாக வை. கத்தி மட்டும் கூடாது, பகிரும் இடத்தில் இரத்தம் வரக் கூடாதென்று. ஒடியற்கூழ்ப் பானையைச் சுற்றி உட்கார்ந்து, ஒரே அகப்பையிலிருந்து பிளாவில் வாங்கிக் குடித்தவர்களுக்கு இது விளங்க உரை தேவையில்லை. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், 'தேவைக்கு எடு' என்பதில் இந்த விருந்து தேறுகிறது, அனுமதிமுறை அதைப் பார்த்துக்கொள்கிறது. 'அடுத்தவனுக்கு விட்டுவை' என்பதில் தேறவில்லை.

மூன்றாவது விதி, கலத்தின் சுத்தம். வாசலில் இருந்த அறிவிப்புக்கு வருகிறேன்.

வழக்கமான இறைச்சிக்கு அரசப் பரிசோதனை கட்டாயம். காட்டிறைச்சி விருந்துக்கு அதிலிருந்து விலக்கு. சுகாதார அதிகாரிக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டும், மற்ற இறைச்சியிலிருந்து பிரித்து வைக்க வேண்டும், வருபவர் கண்ணில் படும்படி அறிவிப்பு வைக்க வேண்டும். பொறுப்பின் பெரும்பகுதி அந்த அறிவிப்பின் வழியாக உண்பவர் தலைக்கு மாறிவிடுகிறது. திண்ணன் பன்றி இறைச்சியைத் தீயில் வாட்டி, வாயிலிட்டுப் பதம் பார்த்து, நல்ல துண்டுகளை மட்டும் காளத்தியப்பருக்கு எடுத்துப் போனான் என்பது பெரியபுராணக் கதை. நாக்கு கண்டுபிடிக்கக்கூடிய கேடாக இருந்தால் அந்த முறையே போதும்.

2022 மே மாதம் சஸ்காச்சுவானின் வடக்கில் ஒரு கருங்கரடியைச் சுட்டார்கள். இறைச்சி 45 நாள் உறைபெட்டியில் இருந்தது. ஜூலையில் தென் டகோட்டாவில் ஒரு குடும்ப ஒன்றுகூடலில் அதைக் காய்கறியோடு கம்பியில் கோத்துச் சுட்டார்கள். கரடி இறைச்சி இயல்பிலேயே கருத்தது, வெந்ததா வேகாததா என்று கண்ணுக்குத் தெரியாது. ஆறு பேருக்கு டிரிக்கினெல்லா புழுநோய். அவர்களில் இருவர் இறைச்சியைத் தொடாதவர்கள், அதே கம்பியிலிருந்த காய்கறியை மட்டும் தின்றவர்கள். வட நாட்டு விலங்குகளில் இருக்கும் டிரிக்கினெல்லா வகைகள் உறைகுளிருக்குச் சாவதில்லை. உள்ளே 74 பாகை செல்சியஸ் சூடு ஏற வேண்டும், அதைத் தெரிந்துகொள்ள வெப்பமானி ஒன்றே வழி. வெளியில், காற்றில், கரி அடுப்பில், முந்நூறு பேர் வரிசையில் நிற்கையில் ஒவ்வொரு துண்டிலும் வெப்பமானி குத்தும் பொறுமை எத்தனை தொண்டருக்கு இருக்கும்?

ஈயம் இன்னொன்று. 2008 இல் வட டகோட்டாவில், வேட்டைக்காரர்கள் ஏழைகளுக்கென்று கொடுத்த அரைத்த மான் இறைச்சியை உணவு மையங்கள் குப்பையில் போட வேண்டி வந்தது. துவக்குக் குண்டின் பொடித் துகள்கள் அதில் கலந்திருந்தன. பல்லில் படாத அளவு நுண்மை. சிறு பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஈயம் ஆகவே ஆகாது. ஏழைகளையும் கூப்பிடுங்கள் என்று மேலே சொன்ன நானே இதையும் சொல்லவேண்டியிருக்கிறது: இல்லாதவர்களுக்குக் கொடுப்பது கழிவாக இருக்கக் கூடாது. செம்புக் குண்டால் சுட்ட விலங்கை மட்டும் ஏற்றுக்கொள்வது என்று கழகங்கள் முடிவெடுத்தால் இந்தச் சிக்கல் தீர்ந்தது.

எல்லாவற்றிலும் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வெரோனா. ஒன்ராறியோ ஏரிக்கு அந்தப் பக்கம், நியூயோர்க் மாநிலத்தின் ஒனைடா மாவட்டத்தில் உள்ள சிற்றூர். 2005 மார்ச்சில் அங்கே தீயணைப்புப் படையின் மண்டபத்தில் இதே மாதிரி ஒரு வேட்டை விருந்து. பரிமாறிய மானில் ஒன்றுக்கு, மானினத்தின் மூளையை அரித்துக் கொல்லும் நாட்பட்ட மெலிவு நோய் இருந்தது. சோதனை முடிவு வெளிவந்தபோது இருநூறுக்கு மேற்பட்டவர்கள் தின்று வீடு போய்ச் சேர்ந்திருந்தார்கள். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவர்களில் 81 பேரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். ஆறு ஆண்டுக் கண்காணிப்பில் அந்த நோயைச் சாட்டும்படி எதுவும் தென்படவில்லை என்று 2014 இல் எழுதினார்கள். மனிதருக்கு அது தொற்றியதற்கு இன்றுவரை சான்று இல்லை. பயமுறுத்த நான் இதைச் சொல்லவில்லை. கியூபெக்கில் 2018 இல் ஒரு பண்ணையில் இந்த நோய் அகப்பட்டது. ரொறன்ரோ மிருகக்காட்சிசாலையின் மான்களிடம் 1970களிலேயே இருந்தது என்பது, பழைய திசுக்களைப் பின்னாளில் ஆராய்ந்தபோது தெரிந்தது. தொலைதூரத்துக் கதை என்று தள்ள முடியாது. இருநூறு பேரில் 81 பேரைத்தான் தொடர முடிந்தது என்பதையும் கவனியுங்கள்.

விருந்து முடிந்து கார் தரிப்பிடத்துக்கு நடக்கையில் முல்லைத்தீவுக்காரர் வன்னிக் கதை ஒன்று சொன்னார். மரை விழுந்தால் வெடி வைத்தவருக்கு ஒரு பங்கு, நாய்க்காரருக்கு ஒன்று, சுமந்தவருக்கு ஒன்று, வழியில் எதிர்ப்பட்டவருக்கும் ஒரு துண்டு. "எதிர்ப்பட்டவனை வெறுங்கையோட விட்டா அடுத்த முறை வெடி பிழைக்கும்" என்றார். மூடநம்பிக்கைதான். ஆனால் யார் யார் தின்றார்கள் என்று அந்த ஊருக்கு ஒரு பேர் பிசகாமல் தெரியும். ஆருக்காவது வயிற்றால் போனால் விடிவதற்குள் எல்லார் வாசலுக்கும் செய்தி போய்விடும். பரிசோதகர் முத்திரை இல்லாத இடத்தில் அந்த அறிமுகம்தான் முத்திரையாக இருந்தது. கூடாரத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூஸ் குழம்பு சாப்பிட்டவரின் பெயர் எனக்குத் தெரியாது. என் பெயரை வாசலில் ஒருவரும் கேட்கவும் இல்லை.

இந்த விருந்துகள் நடக்கட்டும். விற்பனைத் தடையை மட்டும் யாரும் தளர்த்த வேண்டாம். உணவகங்களுக்கும் அனுமதி கொடுங்கள் என்ற குரல் அவ்வப்போது எழுகிறது, மிமிக்கோவை நினைத்தால் அதற்கு என்னால் கைதூக்க முடியவில்லை. கரடியை அடுப்புச் சட்டியில் மணிக்கணக்கில் வேகவைத்த குழம்பாகத் தவிர வேறு எப்படியும் பரிமாறாதீர்கள். பத்து மேசையில் ஒரு மேசையைச் சீட்டில்லாமல் வருபவர்களுக்கு ஒதுக்கி, அவர்களை ஏற்றிவர ஒரு பேருந்து அனுப்புங்கள். குலுக்கலில் ஒரு துவக்கைக் குறைத்தால் அந்தச் செலவு அடங்கிவிடும். வாசலில் ஒரு கொப்பியும் பேனையும் வையுங்கள். அடுத்த முறை நீங்கள் போகும் விருந்தில் பெயரும் தொலைபேசி இலக்கமும் கேட்டால் முகம் சுளிக்காமல் எழுதிக் கொடுங்கள். கேட்காவிட்டால், ஏன் கேட்கவில்லை என்று நீங்கள் கேளுங்கள்.