கவனமும் கடைப்பிடியும்: ஞானபோனிக தேரரின் தியான நூல் பற்றிய ஒரு நோக்கு

பௌத்த தியானம் குறித்து இருபதாம் நூற்றாண்டில் எழுந்த நூல்களுள் ஞானபோனிக தேரரின் ‘பௌத்த தியானத்தின் இதயம்’ தனியிடம் பெறுவதாகும். ஜேர்மனியிற் பிறந்து, 1936இல் இலங்கைக்கு வந்து துறவு பூண்டவர் தேரர். அவரது நூலின் ஆங்கில வடிவம் 1954இல் கொழும்பில் வெளிவந்தது. உடல், நுகர்ச்சி, உள்ளம், உள்ளத்துக்குப் பொருளாகும் தருமங்கள் என்னும் நான்கின்மீதும் ஸதியை நிறுத்துமாறு கூறும் ஸதிபட்டான சூத்திரத்தை விளக்குவதே அதன் நோக்கம்.

புலன் வழியாகவோ மனத்தின் வழியாகவோ வருவதை, அதன்மீது விருப்பு வெறுப்பையோ விமரிசனத்தையோ ஏற்றாது, உள்ளவாறே குறித்துக்கொள்ளுதலைத் தேரர் ‘வெறுங்கவனம்’ எனப் பெயரிட்டார். சடங்காகவும் மந்திரமாகவும் தியானத்தை எண்ணியிருந்தோர்க்கு அது எவரும் இன்றே தொடங்கத்தக்க எளிய பயிற்சி என்று காட்டியமை நூலின் பெருஞ்சாதனை. எனினும் அவ்வெளிமையே ஒரு மயக்கத்திற்கும் இடமளித்தது.

‘ஸதி’ என்னும் பாளிச் சொல் வடமொழி ‘ஸ்மிருதி’யோடு ஒன்றானது; நினைவு என்பதே அதன் பழம்பொருள். பௌத்த நூல்களில் அப்பொருள் அருகியே வழங்குவதாகக் கருதும் தேரர், நிகழ்காலக் கவனத்தையே முன்னிறுத்துகிறார். இதனை முற்றாக ஏற்பதற்கில்லை. நெடுநாள் முன்னர்ச் செய்ததையும் சொன்னதையும் நினைவுகூரும் ஆற்றலாகவே ஸங்யுத்த நிகாயம் ஸதியை ஓரிடத்தில் வரையறுக்கிறது. மிலிந்தபஞ்ஹமோ, அரசனுக்கு அவனது செல்வம் இவ்வளவு என்று நாள்தோறும் நினைவூட்டும் பொருட்காப்பாளனை ஸதிக்கு உவமையாக்குகிறது. நன்மை எது, தீமை எது என்பதை மறவாதிருத்தலே அங்குக் கருதப்படுகிறது.

ஸங்யுத்த நிகாயத்துக் கிம்ஸுக சூத்திரத்தில் வரும் நகர உவமை இதனை மேலும் தெளிவாக்கும். அங்கு ஸதி வாயிற்காவலன்; அறிந்தவரை உள்ளே விட்டு, அறியாதவரைத் தடுப்பவன். வருவோர் போவோரை வாளா பார்த்திருப்பவன் காவலன் ஆகான். அவ்வாயிலினூடே செய்தி கொண்டு விரைந்து வரும் தூதர் இருவர் மன அமைதியும் விபஸ்ஸனா என்னும் உள்ளொளியும் ஆவர். காவலன் வேறு, தூதன் வேறு என்பது நோக்கற்பாலது.

அபிதர்மப் பகுப்பும் இவ்வாறே அமைகிறது. அநுருத்தரின் அபிதம்மத்த சங்கஹம் கூறும் 52 சேதசிகங்களுள் கவனமாகிய மனசிகாரம் எல்லாச் சித்தங்களுக்கும் பொதுவானது. பூட்டை உடைக்கும் கள்வனிடத்தும் அது உண்டு. ஸதி அழகிய சித்தங்களில் மட்டுமே தோன்றும். பஞ்ஞா என்னும் மெய்யறிவோ அவற்றுள்ளும் எல்லாவற்றிலும் தோன்றுவதில்லை. ஆகவே கவனம் கூர்மையடைந்தால் ஞானம் தானே பிறக்கும் என்பது பொருந்தாது.

அபிதர்மத்தில் ஆழ்ந்த புலமையுடைய தேரர் இதனை அறியாதவரல்லர். செய்கையின் நோக்கம், அதன் தகுதி, தியானக் களம், மயக்கமின்மை என்னும் நான்கையும் ஆராயும் ‘ஸம்பஜஞ்ஞ’த்தை அவர் வெறுங்கவனத்தோடு இணைத்தே விளக்குகிறார். ஆயின் பின்வந்தோர் பலர் முதற்பாதியை எடுத்துக்கொண்டு மறுபாதியைக் கைவிட்டனர். 1979இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜோன் கபட்-சின் தொடங்கிய பயிற்சித் திட்டத்தின் பின்னர், தீர்ப்பிடாத கவனமே தியானம் என்னும் எண்ணம் உலகெங்கும் பரவிற்று. நோயாளர்க்கு அதனால் விளையும் ஆறுதலை இகழ்தல் தகாது. எனினும் வலியைத் தாங்கக் கற்றல் ஒன்று. வலிக்கும் வேட்கைக்கும் உள்ள தொடர்பைக் கண்டு வேட்கையை அறுத்தல் மற்றொன்று.

தமிழில் இன்று கவனம், ஸதி, மெய்யறிவு மூன்றையும் ‘விழிப்புணர்வு’ என்னும் ஒரே சொல்லால் வழங்கிவிடுகிறோம். எண்வகை மார்க்கத்தின் ஏழாம் உறுப்புக்கோ தமிழில் ‘நற்கடைப்பிடி’ என்னும் பெயர் உண்டு. கடைப்பிடி என்பதற்கு, கொண்ட பொருளை மறவாமை என்பது பழம்பொருள். நினைவும் உறுதியும் ஒருங்கே அமைந்த அச்சொல் ஸதியின் உட்பொருளைத் தேரரின் ‘வெறுங்கவன’த்தினும் செவ்விதாக உணர்த்துகிறது. அவர் நூலைப் பயில்வோர் இச்சொல்லை மனத்திற்கொண்டு பயில்வாராயின், அவர் கூற விரும்பியதும் விளங்கும். கூறாது விட்டதும் விளங்கும்.