காணாமல் போன சாவியும் எல்லாம் அறிந்தவரும்

எர்ணாகுளம் கலூரில் உள்ள புனித அந்தோணியார் திருத்தலத்துக்குச் செவ்வாய்க்கிழமை நவநாளுக்கு வரும் கூட்டம் மதம் பார்த்து வருவதில்லை. தமிழ்க் கத்தோலிக்கர்களுக்குக் 'கோடி அற்புதர்' என்று பழக்கமான அதே பதுவை அந்தோணியார்தான். காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் என்பது அவருக்கு உலகம் முழுக்க உள்ள பெயர். கடவுள் எல்லாம் அறிந்தவர் என்ற கருத்து தர்க்கத்துக்கு முன் நிற்குமா என்று சோதிக்க இந்த எளிய வேண்டுதலைவிட நல்ல உரைகல் கிடைக்காது. காரணம், தொலைந்த பொருள் ஏற்கெனவே தொலைந்துவிட்டது.

"சாவி என் கண்ணில் படட்டும்" என்று கேட்டால் அது நாளைக்கான வேண்டுதல். அதில் சிக்கல் இல்லை. "ஐயோ, கிணற்றில் விழுந்திருக்கக் கூடாதே" என்று கேட்பது வேறு. விழுந்திருந்தால் விழுந்ததுதான். நடந்து முடிந்ததை மாற்றச் சொல்லும் மன்றாட்டு அது.

கலூரிலிருந்து காயலைக் கடந்தால் மட்டாஞ்சேரி. அங்கே 1568-இல் கட்டப்பட்ட பரதேசி யூதர் ஜெபாலயம் இருக்கிறது. அந்த மரபின் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில், ஜெபங்களைப் பற்றிய பகுதியில் இதற்கு நேரான தீர்ப்பு உண்டு. ஊருக்குத் திரும்புகிறவன் அலறல் கேட்டு, "அது என் வீடாக இருக்கக் கூடாது" என்று வேண்டினால் அது வீண் ஜெபம். நடந்ததைப் பற்றி வேண்டுவதே வீண் என்கிறார்கள் அந்த ரபிகள். பிரிட்டிஷ் தத்துவவாதி மைக்கேல் டம்மெட், அவரும் ஒரு கத்தோலிக்கர், 1964-இல் எழுதிய கட்டுரையில் இதை மறுத்தார். நான் இன்று வேண்டுவேன் என்பது கடவுளுக்கு முன்பே தெரியும். ஆகவே நேற்று நடந்ததை அந்த வேண்டுதலுக்கு ஏற்ப அவர் அன்றே அமைத்திருக்கலாம். இறந்தகாலம் மாறுவதில்லை, முன்கூட்டியே இசைவிக்கப்படுகிறது. நம் மன்றாட்டு கடவுளின் திட்டத்தைத் திருத்துவதற்கல்ல, அதற்கும் திட்டத்திலேயே ஓர் இடம் உண்டு என்று தாமஸ் அக்குவினாஸ் 13-ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவைத்ததோடு இது பொருந்துகிறது.

ஆக, கிணற்று வேண்டுதலுக்கு அர்த்தம் வேண்டுமென்றால் கடவுளுக்கு எதிர்காலம் தெரிந்தே ஆக வேண்டும்.

'கடவுளுக்கு முன்பே தெரியுமென்றால் நான் சுதந்திரமானவன் அல்ல' என்ற வழக்கமான ஆட்சேபம், பகுத்தறிவு மேடைகளில் கைதட்டு வாங்கினாலும், அப்படியே எடுத்துக்கொண்டால் பலவீனமானது. நாளை நடப்பதை ஒருவர் அறிவது, நாளையை அவர் நடத்துவது ஆகாது. தத்துவவாதி நெல்சன் பைக் 1965-இல் இதற்குக் கொடுத்த வடிவம்தான் கூர்மையானது. நான் வேண்டுவேன் என்று கடவுள் அறிந்திருந்தது ஒரு பழைய செய்தி. பழையதை யாராலும் மாற்ற முடியாது. அவர் அறிவு தவறவும் முடியாது. அப்படியானால் நாளை வேண்டாமல் இருப்பது என் கையில் எப்படி இருக்கும்? ஒக்காம் ஊர் வில்லியம் வழிவந்தவர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: கடவுளின் அந்தப் பழைய அறிவு முழுமையாகப் பழையது அல்ல, அதன் ஒரு கால் எதிர்காலத்தில் ஊன்றியிருக்கிறது, நான் வேறுவிதமாக நடந்தால் அவர் வேறுவிதமாக அறிந்திருப்பார்.

கடவுள் அறிந்துகொண்டு சும்மா இருக்கும்வரை இந்தப் பதில் எனக்கு ஏற்புடையதே. ஆனால் நம் கதையில் அவர் சும்மா இருப்பதில்லை. சாவி கிணற்றில் விழாதபடி கைப்பிடிச் சுவரோரம் ஒரு கல் கிடக்க வைத்தார் என்று கொள்வோம். அந்தக் கல் நேற்றே அங்கே கிடந்தது. ஒரு கால் எதிர்காலத்தில் என்ற பேச்சு கல்லுக்குப் பொருந்தாது. இப்போது நான் வேண்டாமல் விட்டால், செய்யாத வேண்டுதலுக்காக வைத்த கல்லாகிவிடும் அது, கடவுள் ஏமாந்தவராகிவிடுவார். எனவே நான் வேண்டியே தீர வேண்டும். டம்மெட் காப்பாற்றிய ஜெபத்தில் ஜெபிப்பவரின் சுதந்திரம் போய்விட்டது. கவனிக்க வேண்டியது, இது முற்றறிவு என்ற கருத்துக்குள் இருக்கும் முரண் அல்ல. முற்றறிவுக்கும் மனிதச் சுதந்திரத்துக்கும் இடையிலான மோதல். எல்லாம் விதிப்படி என்று ஒப்புக்கொள்பவரை இது அசைக்காது.

போயத்தியஸ் 6-ஆம் நூற்றாண்டில் சிறையில் இருந்தபடி வேறொரு வழி சொன்னார். கடவுள் காலத்துக்கு வெளியே இருக்கிறார். அவருக்கு முன் பின் இல்லை, எல்லாம் ஒரே பார்வையில் அடங்கும். அக்குவினாஸும் இதையே பிடித்துக்கொண்டார். அழகான வழி. ஆனால் உண்மையான உள்முரண் இங்கேதான் வருகிறது. கலூர் பஸ் ஸ்டாண்டின் நேர அட்டவணை முழுக்க மனப்பாடமாகத் தெரிந்தவருக்கும், இப்போது மணி என்ன என்று தெரியாவிட்டால், ஓட வேண்டுமா நிற்க வேண்டுமா என்பது தெரியாது. 'இப்போது' என்பதை அறிவது அட்டவணையை அறிவதோடு முடிவதில்லை. அது தனி அறிவு. காலத்துக்கு வெளியே இருப்பவருக்கு 'இப்போது' கிடையாது. அதை அவர் அறிவாரானால் நொடிக்கு நொடி அவர் அறிவு மாற வேண்டும். மாறுகிறவர் காலத்துக்குள் வந்துவிட்டார். தத்துவவாதி நார்மன் கிரெட்ஸ்மன் 1966-இல் வைத்த இந்த வாதத்துக்குத் திருப்தியான பதிலை நான் இதுவரை படிக்கவில்லை. எது எப்போது நிகழ்ந்தாலும் அதன் தேதி அவருக்குத் தெரியும் என்பது வழக்கமான மறுமொழி. தேதி தெரிவது அட்டவணை தெரிவதுதான்.

'நான்' என்ற சொல்லிலும் இதே சிக்கல் உண்டு. இன்ன பெண்ணுக்குச் சாவி தொலைந்தது என்பதைக் கடவுள் அறியலாம். 'எனக்குத் தொலைந்தது' என்று அவள் அறிவதை அவர் அறிவாரா? இதில் மேற்கத்தியத் தத்துவத்தைவிடச் சைவ சித்தாந்தம் வலுவான நிலையில் இருப்பதாக நினைக்கிறேன். மெய்கண்டாரின் சிவஞானபோதத்தில் இறைவன் எதிரே நின்று பார்ப்பவன் அல்லன். கண்ணுக்கு உயிர் காட்டித் தானும் உடன் காண்பதுபோல், உயிருக்கு இறைவன் காட்டி உடன் காண்கிறான். அவள் காண்பதை அவளோடு சேர்ந்தே காண்கிறவனுக்கு, அவளுடைய 'நான்' வெளியாள் செய்தி அல்ல. ஆனால் இதற்கும் எல்லை உண்டு. குறளின் எண்குணத்தானுக்கு உரை எழுதும் பரிமேலழகர், முற்றும் உணர்தலையும் இயல்பாகவே பாசங்களின் நீங்குதலையும் ஒரே பட்டியலில் வைக்கிறார். பாசத்தால் ஒருபோதும் கட்டுண்ணாதவன், கட்டுண்டவளின் அறியாமையை உடனிருந்து காணலாம். அறியாமல் தவிக்க முடியாது. எங்கே வைத்தோம் என்று தெரியாமல் வீடு முழுக்கப் புரட்டிப்போடும் அந்தத் தவிப்பை உள்ளிருந்து அறிய, தெரியாமல் இருக்கத் தெரிய வேண்டும். கிறிஸ்தவ மரபில் இதற்கு ஒரு திறப்பு இருக்கிறது: உலக முடிவின் நாளும் நேரமும் இறைமகனுக்கும் தெரியாது என்று மாற்கு நற்செய்தி 13-ஆம் அதிகாரம் சொல்கிறது. இறையியலாளர்களை நெடுங்காலம் சங்கடப்படுத்திய வசனம் அது. எனக்கென்னவோ அவர்கள் சங்கடப்பட்டிருக்கத் தேவையில்லை.

உண்மைகள் அனைத்தையும் ஒரே தொகுப்பாகத் திரட்டவே முடியாது என்று கணிதவியலாளர் கேன்டரின் முறையைக் கொண்டு தத்துவவாதி பேட்ரிக் கிரிம் வைத்த ஆட்சேபமும் பிரபலமானது. ஒவ்வோர் உண்மையையும் அறிய, அவற்றை ஒரே மூட்டையாகக் கட்ட வேண்டியதில்லை என்ற ஆல்வின் பிளான்டிங்காவின் பதில் அதற்குப் போதும்.

ஆகவே என் தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. காலத்துக்கு வெளியே இருந்து எல்லாவற்றையும் அறியும் கடவுள் என்ற கருத்து முரணானது. இரண்டில் ஒன்றைக் கைவிட வேண்டும். காலத்துக்குள் நம்மோடு இருந்து, நடந்ததையும் நடப்பதையும் ஒன்று விடாமல் அறியும் கடவுள் என்ற கருத்தில் முரண் இல்லை. நம் தவிப்பை உள்ளிருந்து அறியும் அறிவு மட்டும் அவருக்கு இராது. எதிர்காலத்தையும் அவர் தவறாமல் அறிந்து அதற்கேற்பச் செயல்படுகிறார் என்று சேர்த்தால், நம் சுதந்திரத்தை விலையாகக் கொடுக்க வேண்டிவரும். அந்த விலையைக் கொடுக்க நான் தயாராக இல்லை. கலூரில் மெழுகுவர்த்தி ஏற்றி, சாவி கண்ணில் படட்டும் என்று கேட்பவருக்கு இந்தத் தீர்ப்பால் ஒரு நட்டமும் இல்லை. அது எங்கே கிடக்கிறது என்பது இரண்டாவது கடவுளுக்கு நன்றாகத் தெரியும். கிணற்றில் விழுந்திருக்கக் கூடாது என்று கேட்பவர் விஷயத்தில் மட்டும், டம்மெட்டை விட்டு நான் ரபிகள் பக்கம் நிற்கிறேன்.