புதுமையும் பொருளும்
(ஜாகுவார் விளம்பரம்: ஒரு திறனாய்வு)

விளம்பரம் என்பது சொல்லாலும் காட்சியாலும் அமைந்த ஒரு படைப்பு. எனவே, கதையையும் நாடகத்தையும் போல அதனையும் திறனாய்வுக்கு உட்படுத்தலாம். அதற்கு ஏற்றதொன்று, பிரிட்டனின் ஜாகுவார் மகிழுந்து நிறுவனம் 2024-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் நாள் வெளியிட்ட விளம்பரப் படமாகும். 30 விநாடிகளே ஓடும் அப்படம் உலகெங்கும் சர்ச்சையைக் கிளப்பியது. பளிச்சிடும் வண்ண உடையணிந்தோர் சிலர் தோன்றுகின்றனர். 'வார்ப்புகளை உடை', 'சாதாரணத்தை நீக்கு', 'எதையும் நகலெடுக்காதே' என்னும் பொருள்பட ஆங்கிலக் கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாக மின்னுகின்றன. படம் முடியும்வரை ஒரு மகிழுந்துகூடக் கண்ணில் படுவதில்லை. 'நீங்கள் மகிழுந்து விற்கிறீர்களா?' என்று தொழிலதிபர் ஈலோன் மஸ்க் வினவினார். அது பலர் உள்ளத்திலும் எழுந்த வினாவே.

மரபுடைய நிறுவனம் மாறலாமா என்பது இங்கு வினாவன்று. மாற்றத்தால் வளர்ந்ததே அந்நிறுவனம். 1922-இல் வில்லியம் லயன்ஸ் தம் நண்பருடன் பிளாக்பூல் நகரில் மோட்டார் சைக்கிளுக்கான பக்கவண்டிகளைச் செய்யத் தொடங்கினார். பின்னர் மகிழுந்துத் தொழிலில் இறங்கி, 1935-இல் 'ஜாகுவார்' என்னும் பெயரைத் தம் வண்டியொன்றுக்குச் சூட்டினார். அக்காலத்தில் நிறுவனத்தின் பெயர் 'எஸ்.எஸ்.' என்பதாகும். நாஜிப் படையொன்றின் பெயரும் அதுவேயாதலின், 1945-இல் அப்பெயரைக் கைவிட்டு, வண்டியின் பெயரையே நிறுவனத்தின் பெயராக்கினார். அம்மாற்றத்திற்குத் தக்க காரணம் இருந்தது. அக்காரணம் யாவர்க்கும் விளங்கியது.

2024-ஆம் ஆண்டின் மாற்றத்திற்கும் காரணம் இல்லாமலில்லை. 2008 முதல் இந்தியாவின் டாட்டா மோட்டார்ஸுக்கு உரிமையான ஜாகுவார், பெட்ரோல் வண்டிகளைக் கைவிட்டு, மின்சார வண்டிகளை மட்டுமே, அதுவும் முன்னினும் உயர்ந்த விலையில், விற்கத் திட்டமிட்டது. இது துணிவான முடிவு. ஆயின், விளம்பரம் இதனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. 'நீக்கு' என்றால் எதனை நீக்குவது? 'உடை' என்றால் எதற்காக உடைப்பது? ஏவல் வினைகள் மட்டும் நிற்கின்றன. அவை சுட்டும் பொருளைக் காணோம். இதுவே அப்படைப்பின் முதற்குறை.

இரண்டாவது குறை, அதன் தலையாய முழக்கத்தில் உள்ளது. ஜாகுவார் வண்டி எதன் நகலாகவும் இருத்தலாகாது என்பது லயன்ஸின் கொள்கை என அந்நிறுவனமே கூறுகிறது. அவரோ அதனை வண்டியிலேயே காட்டினார். 1961-இல் ஜெனிவாக் கண்காட்சியில் அறிமுகமான 'ஈ-டைப்' வண்டியின் நீண்ட முகப்பும் வளைந்த உடலும் காண்போரைக் கவர்ந்தன. பின்னாளில் நியூயார்க்கின் நவீனக் கலை அரும்பொருளகமும் அவ்வண்டியொன்றைத் தன் சேகரிப்பில் வைத்துக்கொண்டது. அன்று வண்டியே பேசியது. 2024-இலோ முழக்கம் முன்னே வந்தது. 'டைப் 00' என்னும் மாதிரி வண்டி ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்தே மியாமி நகரில் காட்டப்பெற்றது. பின்புறக் கண்ணாடிச் சாளரமே இல்லாத அவ்வண்டி, நீண்ட முகப்பினால் பழைய மரபையும் நினைவூட்டியது. அது முதலில் வந்திருப்பின், முழக்கத்திற்குப் பொருள் கிடைத்திருக்கும்.

எனினும், கண்டனங்கள் யாவும் நேர்மையானவை அல்ல. படத்தில் தோன்றியோரின் உருவத்தையும் உடையையும் சிலர் இழித்துரைத்தனர். அவ்வெறுப்பைக் குறித்து நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் ராடன் குளோவர் வருந்தினார். நடித்தவரை ஏசுவது படைப்பைத் திறனாய்வதாகாது. மேலும், 2024 ஏப்ரலில் ஐரோப்பாவில் 1,961 ஆக இருந்த ஜாகுவார் வண்டிப் பதிவு, 2025 ஏப்ரலில் 49 ஆகக் குறைந்ததைக் காட்டி, விளம்பரமே நிறுவனத்தை வீழ்த்திவிட்டது என்றனர் சிலர். உண்மை வேறு. புதிய வண்டிகளுக்கு வழிவிடப் பழைய வண்டிகளின் உற்பத்தியை நிறுவனமே படிப்படியாக நிறுத்தியிருந்தது. விற்க வண்டி இல்லாதபோது விற்பனை எங்ஙனம் பெருகும்? விளம்பரத்தின் குறை விளம்பரத்திலேயே உள்ளது. அதனைக் காட்ட எண்களைத் திரிக்கவேண்டுவதில்லை.

புதுமை வேண்டும் என்று முழங்குவது எளிது. எதனை விடுகிறோம், எதனைக் கொள்கிறோம், ஏன் என்று விளக்குவதே அரிது. மாணவர் எழுதும் கட்டுரைக்கும் இது பொருந்தும். 'சிந்தி, எழு, மாறு' என்று அடுக்கினால் ஓசை கிடைக்கும், கருத்துக் கிடைக்காது. கட்டளைக்குப் பின்னே காரணமும், காரணத்திற்குப் பின்னே சான்றும் நின்றால்தான் படிப்பவர் உடன் வருவர். முப்பது விநாடிக்குள்ளும் இதனைச் செய்ய இயலும். ஜாகுவார் அதனைச் செய்யத் தவறியது.