முகம் பெற்றவரும் முகம் பெறாதவரும்: ‘தீபன்’ திரைப்படம் பற்றிய திறனாய்வு

கலைப்படைப்பு ஒன்றைத் திருச்சபை மதிப்பிடுங்கால், அதில் ஆபாசமும் வன்முறையும் உண்டா என்னும் வினாவோடு நின்றுவிடுவது நம்மிடையே வழக்கமாயிருக்கிறது. அதனினும் ஆழ்ந்த வினா ஒன்றுண்டு. அப்படைப்பு யாரை மனிதராகக் காண்கிறது, யாரை வெறும் கூட்டமாகக் காண்கிறது என்பதே அது. பிரெஞ்சு இயக்குநர் ழாக் ஓதியார் உருவாக்கி, 2015ஆம் ஆண்டு கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்ற ‘தீபன்’ இவ்வினாவை நம்முன் வைக்கிறது.

இலங்கைப் போரின் இறுதியில் முன்னாள் போராளி ஒருவரும், இளம்பெண் ஒருத்தியும், தாய்தந்தையற்ற சிறுமி ஒருத்தியும், இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டுகளைக் கொண்டு பிரான்சை அடைகின்றனர். எகிப்தில் ஆபிராம் அச்சத்தால் மனைவியைச் சகோதரி என்றான். இங்கு அந்நியர் மூவர் அச்சத்தால் தம்மைக் குடும்பம் என்கின்றனர். பாரிஸ் புறநகர்க் குடியிருப்பு ஒன்றில் தீபனுக்குக் காவற்பணி கிடைக்கிறது. அவ்விடமோ போதைப்பொருள் வாணிபக் கும்பலின் பிடியில் இருக்கிறது.

இப்படத்தின் சிறப்பை மறுப்பதற்கில்லை. ஐரோப்பியக் குற்றக்கதைகளில் தமிழர் பெரும்பாலும் தலைகாட்டுவதே இல்லை. இங்கோ உரையாடலின் பெரும்பகுதி தமிழிலேயே நிகழ்கிறது. தீபனாக நடித்த அன்ரனிதாசன் யேசுதாசன், ஷோபாசக்தி என்னும் பெயரில் நாம் அறிந்த எழுத்தாளர். இளமையில் இயக்கத்திலிருந்து விலகி, 1993இல் பிரான்சில் அடைக்கலம் புகுந்தவர். யாழினியாக நடித்த காளீஸ்வரி சீனிவாசன் சென்னை நாடக மேடையிலிருந்து வந்தவர். ஆகவே தமிழர் இங்கு அலங்காரப் பொருளல்லர். அவர்களுடைய அச்சம், நாணம், கோபம், நகை யாவும் உரிய இடம் பெறுகின்றன.

ஆயின், தமிழருக்கு அளிக்கப்பட்ட அந்த முகம் அக்குடியிருப்பின் பிறருக்கு அளிக்கப்பட்டதா? யாழினியோடு பொதுமொழியின்றியே உரையாட முயலும் பிராகிம் ஒருவனுக்கு அது ஓரளவு கிடைக்கிறது. அவனைச் சூழ்ந்த இளைஞரோ, துப்பாக்கி ஏந்தி வாயிலில் நிற்கும் உருவங்களாகவே எஞ்சுகின்றனர். அவர்களும் குடிபெயர்ந்தோரின் மக்களே. அவர்கள் எவ்வாறு இத்தொழிலுக்குள் தள்ளப்பட்டனர், அவர்களுடைய தாய்மார் யாவர் என்று படம் வினவவில்லை. இறுதிக்காட்சியில் புகை சூழ்ந்த படிக்கட்டில் தீபன் கொன்றேறும்போது, வீழ்வோர் முகம் பெரும்பாலும் தெரிவதில்லை. பின்னர் இங்கிலாந்துத் தோட்டம் ஒன்றில் அமைதி காத்திருக்கிறது.

நம் ஆரணித் தறிகளில் பாவு முதலிலேயே பூட்டப்பட்டுவிடுகிறது; நெசவாளர் மாற்றுவது ஊடையை. ஓதியாரும் ஊடையாகத் தமிழ் இழையைச் செலுத்தினார். குற்றக்கதையின் பழைய பாவை அவிழ்க்கவில்லை. ஒரு வீரன் எழ வேண்டுமாயின் பெயரற்றோர் கூட்டம் ஒன்று வீழவேண்டும் என்பதே அப்பாவு.

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. ‘தி ஃபேமிலி மேன்’ தொடரின் இரண்டாம் பகுதி ஈழத் தமிழரை இழிவாகச் சித்திரிக்கிறதென்று 2021இல் தமிழ்நாட்டு அரசே ஒன்றிய அரசுக்கு எழுதியது. நாம் கூட்டமாக வரையப்படுங்கால் நமக்கு நோகிறது, அந்நோவு நியாயமானதே. ஆப்பிரிக்கர் என்றாலே போதைப்பொருள் விற்போர் எனக் காட்டும் நம்மவர் படங்களை மட்டும் நகைத்து மகிழ்வது எவ்வாறு? தெருவில் திருட்டு நிகழ்ந்ததும் வடமாநிலத் தொழிலாளரை முதலில் ஐயுறும் மனமும் அத்தகையதே.

யோனாவின் நூல் முடிவுறும் விதம் இங்கு எண்ணத்தக்கது. தீர்க்கதரிசி நினிவேயை அழிவுக்குரிய ஒரே திரளாகக் கண்டான். ஆண்டவரோ அதனுள் 1,20,000க்கு மேற்பட்ட மாந்தரைக் கண்டார், கால்நடைகளையும் மறந்தாரில்லை. அந்நகரின் கொடுமையை அவர் மறைக்கவுமில்லை. தீமையைத் தீமை என்று கூறிக்கொண்டே, அதனுள் அகப்பட்டோரை ஒவ்வொருவராக எண்ணுவதே விவிலிய நோக்கு.

‘தீபன்’ நம்மை எண்ணிய படம். அதற்காக நன்றி கூறுவோம். அதனை இறையியல் மாணவர் காண்பது பயன் தரும். ஆயின் காணுங்கால், படிக்கட்டில் விழுந்த அவ்விளைஞரின் பெயர் என்ன என்றும் கேட்கக் கடவர். அக்கேள்வியைத் திரையரங்கில் கேட்டுப் பழகியவர், தம் ஊர்த் தெருவிலும் கேட்பர்.