ஐம்பது வாக்கியங்களும் ஒரு 'நானு'ம்: மருத்துவக் கல்வியை அளக்கும் சொல்லாடல் குறித்து

1

மருத்துவக் கல்வி பற்றிய நமது பேச்சில் 'தரம்' என்பது எப்போதும் மாணவரைப் பார்த்தே வீசப்படுகிற சொல். இட ஒதுக்கீடு என்றால் 'தரம் போச்சு'. நீட் வேண்டாம் என்றால் 'தரம் என்னாவறது?' 2020இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தபோதும் இதே பாட்டுதான். லட்சலட்சமாகக் கொட்டிச் சேர்கிறவரின் தரம் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. இந்நிலையில், மாணவரை விட்டுவிட்டு அவர் படிக்கிற இடத்தின் தரத்தை அளப்போம் என்று ஒரு துறை கிளம்பியிருப்பது நல்லதொரு தலைகீழாக்கம். ஆனால் அளக்கிறவர் யார், எந்த மொழியில் அளக்கிறார் என்று பாராமல் கைதட்டிவிட முடியாது.

அளவுகோல் ஒன்று வந்துவிட்டால் அளக்கப்படுகிற பொருள் அதற்குத் தக்கபடி வளைந்துகொள்ளும். இதற்கு ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியில் இருக்கும் சவீதா பல் மருத்துவக் கல்லூரி, மைய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் 2022, 2023 ஆண்டுகளில் தன் பிரிவில் முதலிடம் பெற்றது. அங்கே இளநிலை மாணவர்கள் தேர்வு எழுதுவதுபோல் உட்கார்ந்து ஆய்வுக் கட்டுரை எழுதுவதையும், அக்கல்லூரிக் கட்டுரைகள் அக்கல்லூரிக் கட்டுரைகளையே பெருமளவில் மேற்கோள் காட்டுவதையும் 2023 ஜூனில் 'சயன்ஸ்' இதழும் 'ரிட்ராக்‌ஷன் வாட்ச்' அமைப்பும் எழுதின. அது முறையா முறைகேடா என்பதல்ல இங்கே என் விஷயம். மாணவரின் உழைப்பு எண்ணாக மாறுகிறது, எண் நிறுவனத்தின் தரமாக எழுந்து நிற்கிறது. அந்தத் தரவரிசையோ 'பார்வை' என்ற தலைப்பின்கீழ் கல்வியாளர்களையும் வேலை கொடுப்பவர்களையும் கருத்துக் கேட்கிறது. உள்ளே உட்கார்ந்து படிக்கிறவருடைய பார்வைக்கு அந்தத் தலைப்பில் இடமில்லை.

2

படிக்கிறவரையே கேட்பதற்கென்று ஒரு கருவி இருக்கிறது. ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் உருவாகி 1997இல் வெளியான வினாநிரல். சுருக்கமாக 'டிரீம்' என்கிறார்கள். இந்தியா உட்படப் பல நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் இதைக் கொண்டு அளந்திருக்கிறார்கள். ஐம்பது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 'முழுக்க ஏற்கிறேன்' தொடங்கி 'முழுக்க மறுக்கிறேன்' வரை ஐந்து படிகள். பூஜ்யத்திலிருந்து நான்கு வரை மதிப்பெண், ஆக மொத்தம் 200. கற்றல், ஆசிரியர், தன் படிப்புத்திறன், சூழல், சமூக வாழ்வு என ஐந்து பகுதிகள். 50 வரை மிக மோசம், 100 வரை ஏகப்பட்ட சிக்கல்கள், 150 வரை குறையைவிட நிறை அதிகம், அதற்கு மேல் மிகச் சிறப்பு.

மருத்துவம் படித்தவனல்ல நான், தமிழ் எம்.ஏ. எனவே இதை ஒரு பிரதியாகத்தான் வாசிக்க முடிகிறது. வாசித்தால் முதலில் இடறுவது அதன் தன்மை ஒருமை. தங்குமிடம் எனக்கு வசதியாக இருக்கிறது, நான் தனிமையை அதிகம் உணர்வதில்லை, நினைத்த கேள்வியை என்னால் கேட்க முடிகிறது என்ற ரீதியில் போகின்றன வாக்கியங்கள். இந்த 'நான்' யார்? வாக்கியங்களைத் தேர்ந்தது ஏறத்தாழ நூறு மருத்துவக் கல்வியாளர்களைக் கொண்ட குழு. மாணவர்களிடம் அவை சோதித்துப் பார்க்கப்பட்டன என்பது பிறகு. ஆசிரியர் எழுதிய 'நானு'க்குள் மாணவர் நுழைந்து, எவ்வளவு பொருந்துகிறது என்று வட்டம் போட வேண்டும். 'நான்' உண்டு, படர்க்கையில் 'மாணவர்கள்' உண்டு. 'நாங்கள்' என்பது மட்டும் எங்கேயும் கிடையாது. ஆசிரியர்கள் மாணவர்களைக் கேலி செய்கிறார்களா என்று கேட்பதுண்டு. எந்த மாணவரை, எதைச் சொல்லிக் கேலி செய்கிறார்கள் என்பது கிடையாது. சாதி, மதம், பயிற்றுமொழி ஆகியவற்றைப் பற்றி ஐம்பதில் ஒன்றுகூட இல்லை. டண்டீயில் உட்கார்ந்தவர்களுக்கு அது தோன்றாமல் போயிருக்கலாம். இங்கே எடுத்து விநியோகிக்கிற நமக்கும் தோன்றவில்லை என்றால் அது மௌனமல்ல, அரசியல்.

நன்னூலில் பவணந்தி வினாவை ஆறு வகையாகப் பிரிக்கிறார். அறிவினாவுக்கு உரைகாரர்கள் காட்டும் உதாரணம், விடை தெரிந்த ஆசிரியர் மாணவனைக் கேட்பது. அறியாவினாவுக்கு உதாரணம், தெரியாத மாணவன் ஆசிரியரைக் கேட்பது. வினாநிரல் தன்னை அறியாவினாவாகக் காட்டிக்கொள்கிறது: எங்களுக்குத் தெரியாது, நீங்கள் சொல்லுங்கள் என்கிறது. ஆனால் அதை நீட்டுகிறவர் துறைத் தலைவராகவோ அவர் அனுப்பிய ஆளாகவோ இருக்கும்போது அது அறிவினாவாக, சில நேரம் ஏவல்வினாவாகவே மாணவர் காதில் விழுகிறது. தேர்வு என்பது நோட்டமிடுதலும் இயல்பாக்கும் தீர்ப்பும் ஒன்றுசேர்கிற சடங்கு என்று மிஷல் ஃபூக்கோ 1975இல் எழுதினார். வருடம் முழுக்கத் தேர்வுக்குள் வாழ்கிற மாணவர் இந்தத் தாளையும் இன்னொரு தேர்வாகத்தானே எடுத்துக்கொள்வார்? கேள்வி கேட்கவே பயப்படுகிறவரிடம் 'உன்னால் கேள்வி கேட்க முடிகிறதா' என்று எழுத்தில் கேட்டால், 'முடிகிறது' என்றுதான் வட்டம் விழும்.

விடையை எட்டு வகையாகச் சொல்கிறது நன்னூல். நேர், மறை இரண்டையும் ஐந்து படியாக நீட்டியதுதான் இந்தத் தாள். உற்றது உரைத்தலுக்கும் உறுவது கூறலுக்கும் அதில் இடமில்லை. 'இதைச் செய்வாயா?' என்றால் 'உடம்பு வலிக்கிறது' என்பது முன்னது, 'உடம்பு வலிக்கும்' என்பது பின்னது. வார்டில் நோயாளி முன்னாலேயே என் இங்கிலீஷைச் சொல்லிக் காட்டிச் சிரித்தார்கள் என்பது உற்றது. 'இதை எழுதினா இண்டர்னல்ல கை வைப்பாங்க, வைவால எதிர்ல உக்கார்றதும் அவங்கதான்' என்பது உறுவது. கற்றல் சூழல் என்று எதையாவது சொல்ல முடியுமானால் அது இந்த இரண்டும்தான்.

3

இனி சராசரிக்கு வருவோம். நூறு இடங்கள் உள்ள ஓர் அரசு மருத்துவக் கல்லூரியை வைத்துக்கொள்வோம். அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் பதினைந்து போக, மீதியில் 7.5 சதவீதம் என்றால் ஓர் ஆறு பேர். அந்த ஆறு பேரும் 70 மதிப்பெண் தருகிறார்கள், மற்ற 94 பேர் 135 தருகிறார்கள் என்று ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுங்கள். சராசரி 131. 'குறையைவிட நிறை அதிகம்.' ஆறு பேரின் ஒட்டுமொத்த வதையும் நான்கு மதிப்பெண்ணாகக் கரைந்துவிடுகிறது. சரி, பிரித்துக் காட்டலாமே என்று நண்பர்கள் சொல்லலாம். பிரித்தால் யார் அந்த ஆறு பேர் என்று மறுநாளே எல்லோருக்கும் தெரிந்துவிடும். சேர்த்து எண்ணினால் காணாமல் போகிறார்கள், பிரித்து எண்ணினால் மாட்டிக்கொள்கிறார்கள். இது புள்ளியியல் சிக்கல் அல்ல, கல்லூரியே கல்லூரியை அளப்பதால் வருகிற சிக்கல்.

வேறு மாதிரி கேட்க முடியும் என்பதற்கு முன்மாதிரி உண்டு. 2006இல் இட ஒதுக்கீட்டு எதிர்ப்புக் கிளர்ச்சி தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தை மையமாகக் கொண்டு நடந்த பின், மைய அரசு சுகதேவ் தோரட் தலைமையில் ஒரு குழு அமைத்தது. 2007இல் வந்தது அறிக்கை. அந்தக் குழு தலித், பழங்குடி மாணவர்களிடம் விடுதி, உணவுக்கூடம், விளையாட்டு, வகுப்பு, வைவா என்று இடம் இடமாகப் போய்க் கேட்டது. தொல்லை தாங்காமல் விடுதியில் குறிப்பிட்ட தளங்களில் ஒதுங்க நேர்ந்தது, வாய்மொழித் தேர்வில் சுற்றிவளைத்துச் சாதி விசாரிக்கப்பட்டது, ஆசிரியரின் பாராமுகம் என எல்லாம் பதிவாயின. அவையெல்லாம் உற்றது உரைத்தல்கள். கேட்டவர்கள் வெளியாட்கள், மதிப்பெண் போடுகிறவர்கள் அல்ல. அதனால்தான் சொல்ல முடிந்தது. பன்னிரண்டு ஆண்டு கழித்து 2019 மே 22இல் மும்பையில் பழங்குடி முதுநிலை மருத்துவ மாணவி பாயல் தட்வி இறந்தார். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியதாக மூன்று சீனியர் மருத்துவர்கள் மீது வழக்கு. அவர் உயிரோடிருந்தபோது ஐம்பது வாக்கியத் தாளைக் கையில் கொடுத்திருந்தாலும், அவருக்கு நேர்ந்துகொண்டிருந்ததை எழுத அதில் ஒரு வரி கிடையாது.

எண்களைத் தூக்கியெறியச் சொல்லவில்லை நான். எண் இல்லாமல் அரசோடு பேச முடியாது என்பது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நமக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். கோரிக்கை எளியது. கல்லூரிக்கு வெளியே உள்ளவர்கள் கேட்க வேண்டும். கேள்விகளை எழுதும் குழுவில் அரசுப் பள்ளியிலிருந்தும் சேரியிலிருந்தும் போன மாணவர்கள் இருக்க வேண்டும். தமிழிலும் கேட்க வேண்டும், பதிலைத் தமிழில் சொல்லவும் இடம் வேண்டும். ஆறு பேர் மாட்டிக்கொள்ளாதபடி பல கல்லூரிகளின் விடைகளைச் சேர்த்து, பிரிவுவாரியாக வெளியிட வேண்டும். 2022இல் தொடங்கிய திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆவடிக்கு அப்பால் ரயில் தூரத்தில்தான் இருக்கிறது. இந்தக் கோரிக்கையை அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.