போர் விலகிய மதில்கள்: லுவார் பள்ளத்தாக்குக் கோட்டைகளை எப்படி ரசிப்பது?

பிரான்சின் மிக நீளமான ஆறு லுவார். தென்கிழக்கு மலைகளில் பிறந்து வடக்கு நோக்கி வந்து, ஓர்லெயான் நகரருகே மேற்கே திரும்பி, ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக ஓடி அட்லாண்டிக் கடலில் கலக்கிறது. இதன் நடுப்பகுதியில் சுல்லி முதல் ஷலோன் வரை சுமார் 280 கிலோமீட்டர் நீளும் பள்ளத்தாக்கை யுனெஸ்கோ 2000-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இரு கரையிலும் திராட்சைத் தோட்டங்கள், கோதுமை வயல்கள், சிற்றூர்கள். ஷேர், ஆந்த்ர், வியென் ஆகிய துணையாறுகள் வந்து சேரும் இந்த நிலத்தில்தான் பிரெஞ்சு அரசர்களும் அவர்களுடைய அமைச்சர்களும் ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கோட்டைகளும் மாளிகைகளும் கட்டினார்கள்.

இவற்றைப் பார்க்கப் போகிறவர்களில் பலர் மூன்றாவது கோட்டையிலேயே சலித்துப்போகிறார்கள். எங்கும் கோபுரம், எங்கும் கட்டில், எங்கும் ஒரு ராணியின் படம் என்று எல்லாம் ஒன்றுபோலத் தெரியத் தொடங்கும். அந்தச் சலிப்புக்கு மருந்து ஒரே ஒரு கேள்வி: இந்தச் சுவர் எதற்கு அஞ்சிக் கட்டப்பட்டது? லுவார் கோட்டைகளின் கதை, அச்சம் சிறிது சிறிதாக விலகிய கதை. எதிரியைத் தடுக்க எழுந்த மதில் எப்படி விருந்தாளியை மயக்கும் முகப்பாக மாறியது என்பதை இங்கே கல்லிலேயே படிக்கலாம். இவ்வளவு தெளிவாகவும் இவ்வளவு அருகருகேயும் அதைக் காட்டும் இடங்கள் ஐரோப்பாவில் மிகக் குறைவு.

முதலில் கல்லைப் பார்க்க வேண்டும். ஆற்றோரப் பாறைகளிலிருந்து வெட்டியெடுத்த துஃபோ என்னும் வெளிர்நிறச் சுண்ணாம்புக்கல்தான் பெரும்பாலான மாளிகைகளின் உடல். மிக மென்மையான கல் அது. உளி எளிதில் இறங்கும், அதனால்தான் சாளரச் சட்டங்களிலும் தூண்தலைகளிலும் அத்தனை நுணுக்கமான செதுக்கல். அதே மென்மையால் மழையும் அதை அரிக்கும். பழுது பார்த்துப் புதிதாகப் பதித்த கற்கள் பழையவற்றின் நடுவே வெள்ளை வெளேரென்று தனித்துத் தெரிவதை எந்த மாளிகையிலும் கவனிக்கலாம். கல் வெட்டிய இடங்களும் வீண்போகவில்லை. அந்தக் குகைகளில் மக்கள் குடியிருந்தார்கள். இன்றும் சோமூர் பக்கத்தில் ஒயின் பீப்பாய்கள் அவற்றில் அடுக்கப்பட்டிருக்கின்றன, காளான் வளர்கிறது. கூரைக்கு ஆன்ஜே பகுதியின் கருநீலக் கற்பலகை. வெள்ளைச் சுவர், கரிய கூரை என்ற இந்த இணைதான் பள்ளத்தாக்கின் அடையாளம்.

அரசர்கள் ஏன் இங்கே வந்தார்கள் என்பதற்குப் போர்தான் விடை. இங்கிலாந்துடன் நடந்த நூறாண்டுப் போரில் பாரிஸ் கைவிட்டுப் போனபோது ஏழாம் சார்லஸ் லுவாருக்குத் தெற்கே ஒதுங்கினார். 1429-இல் ஜோன் ஆஃப் ஆர்க் அவரைச் சந்தித்தது வியென் ஆற்றின் மேலுள்ள ஷினோன் கோட்டையில். போர் 1453-இல் முடிந்த பிறகும் அரசவை இங்கேயே தங்கிவிட்டது. 1494-இல் எட்டாம் சார்லஸ் இத்தாலி மீது படையெடுத்தார். அங்கே நிலம் நிலைக்கவில்லை. ஆனால் மறு ஆண்டு திரும்பும்போது சிற்பிகள், தச்சர்கள், தோட்டக்கலைஞர் எனப் பல கைவினைஞர்களை அம்புவாஸ் கோட்டைக்கு அழைத்து வந்தார். அடுத்த முப்பது ஆண்டுகளில் பள்ளத்தாக்கின் முகமே மாறிற்று. முதலாம் பிரான்சுவா 1525-இல் பாவியா போரில் சிறைப்பட்டு, விடுதலையாகித் திரும்பிய பின் அரசவையைப் பாரிஸ் பக்கம் நகர்த்தினார். பள்ளத்தாக்கின் பொற்காலம் அத்துடன் மங்கத் தொடங்கியது.

மதிலைப் படிக்கப் பழக நல்ல இடம் ஆன்ஜே. 13 ஆம் நூற்றாண்டில் எழுந்த இதன் பதினேழு கோபுரங்களில் கரும்பாறையும் வெள்ளைத் துஃபோவும் பட்டை பட்டையாக மாறி மாறி அடுக்கப்பட்டுள்ளன. வெளிப்புறம் சாளரம் என்று சொல்ல ஒன்றுமில்லை, அம்பு எய்யும் குறுகிய பிளவுகள் மட்டுமே. கோபுரங்கள் ஒரு காலத்தில் இன்னும் உயரமாக இருந்தன. 16 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவற்றின் தலையை இறக்கிப் பீரங்கி நிறுத்தும் மேடைகளாக்கினார்கள். ஆயுதம் மாறியதும் மதிலின் உயரம் மாறியது. இதைவிடப் பழைய அச்சத்தைக் காண விரும்புவோர் லோஷ் போக வேண்டும். 11 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆன்ஜு பிரபு ஃபுல்க் நெரா கட்டிய சதுரக் கோபுரம் அங்கே 36 மீட்டர் உயரத்துக்கு மொட்டையாக நிற்கிறது. தளங்கள் இடிந்துவிட்டதால் உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால், நடுவானில் தொங்கும் கணப்புகளும் வாயில்களும் தெரியும்.

இந்தக் கதையின் திருப்புமுனை முழுவதும் லாஞ்ஜே என்ற ஒரே கோட்டையில் அடங்கிவிடுகிறது. பிரெத்தாஞ் கோமகனால் ஆபத்து வரலாம் என்று கருதி, பதினொன்றாம் லூயி 1465-இல் இதைக் கட்டத் தொடங்கினார். ஊர்த்தெருவிலிருந்து பார்த்தால் முரட்டுக் கோட்டை: தூக்குப்பாலம், உருண்டைக் கோபுரங்கள், மதிலின் உச்சியில் வெளியே நீட்டிய காவல் நடைபாதை. அந்த நடைபாதையின் தரையில் துளைகள் உண்டு, அடிவாரத்துக்கு வந்துவிட்ட எதிரியின் தலையில் கல்லை உருட்டிவிட. வாயிலைத் தாண்டி முற்றத்துக்குள் போய்த் திரும்பிப் பார்த்தால் அதே கட்டடம் பெரிய பெரிய சாளரங்களுடன் ஒரு வீடாக நிற்கிறது. 1491 டிசம்பர் 6 அன்று எட்டாம் சார்லஸ் பிரெத்தாஞ் நாட்டின் ஆன் என்ற இளம் கோமகளை இங்கேதான் மணந்தார். எந்த நாட்டுக்கு அஞ்சிக் கோட்டை எழுந்ததோ அந்த நாடே மணமகளாக உள்ளே வந்தது. மதிலுக்கு வேலை முடிந்தது. தோட்டத்தில் சுமார் ஆயிரம் ஆண்டு பழமையான, ஃபுல்க் நெராவின் கோபுரம் ஒன்று பாதி இடிந்து நிற்கிறது. ஆக, மூன்று காலங்களையும் ஒரே முற்றத்தில் பார்த்துவிடலாம்.

அச்சம் முற்றிலும் அலங்காரமான இடம் அசே லெ ரிதோ. ஆந்த்ர் ஆற்றின் தீவொன்றில் 1518-இல் கில் பெர்த்தலோ என்ற அரசுப் பொருளாளர் கட்டத் தொடங்கினார். இங்கும் கூரையடியில் காவல் நடைபாதை ஓடுகிறது, மூலைகளில் கோபுரங்களும் தொங்குகின்றன. கோபுரங்களோ அழகுக்கானவை. கல் உருட்டும் துளைகள் வெறும் செதுக்கல் வரிசை. பணத்தால் உயர்ந்த ஒருவர் பழைய பிரபுக் குலத்தின் சின்னங்களை அணிந்துகொண்ட முயற்சி அது. அவரால் அதை முடிக்க இயலவில்லை. 1527-இல் பொருளாளர்கள் மீது அரசரின் சந்தேகம் பாய்ந்தபோது பெர்த்தலோ தப்பியோடினார், மாளிகை பறிபோனது. அதனால்தான் இரண்டு சிறகுகளோடு நின்றுவிட்டது. முற்றத்து மூலையிலுள்ள பருத்த கோபுரம் 19 ஆம் நூற்றாண்டில் சேர்ந்தது. மிகப் பழமையாகத் தோன்றுவதெல்லாம் பழமையானதல்ல என்பதையும் இப்பள்ளத்தாக்கில் நினைவில் வைக்க வேண்டும்.

கட்டியவரைக் கண்டுபிடிக்க விலங்குகள் உதவும். வாயிலின் மேலும் கணப்பின் நெற்றியிலும் முள்ளம்பன்றி இருந்தால் பன்னிரண்டாம் லூயி. தீயில் வாழ்வதாக அக்காலத்தில் நம்பப்பட்ட சாலமாண்டர் இருந்தால் முதலாம் பிரான்சுவா. வெள்ளைக் கீரியைப் போன்ற எர்மின் இருந்தால் ஆன் ராணி. இந்தத் திறவுகோலுடன் புளுவா முற்றத்தின் நடுவில் நின்றால் நான்கு காலங்கள் சுற்றி நிற்கும். 13 ஆம் நூற்றாண்டு மண்டபம் ஒரு மூலையில். செங்கல்லும் கல்லும் கலந்த லூயியின் சிறகு ஒரு பக்கம். பிரான்சுவாவின் சிறகு மறுபக்கம். நான்காவது, கஸ்தோன் கோமகனுக்காகக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா மான்சார் 1635-இல் தொடங்கிய, கறாரான ஒழுங்குடைய பகுதி. கஸ்தோன் அப்போது அரசுரிமைக்குக் காத்திருந்தவர். 1638-இல் அரசரான அண்ணனுக்கு மகன் பிறந்தான், பிற்காலப் பதினான்காம் லூயி. பணம் நின்றது, வேலையும் நின்றது. இதே அரண்மனையில் 1588-இல் மூன்றாம் ஹென்றியின் ஆணைப்படி கீஸ் கோமகன் கொலையுண்டார். வழிகாட்டிகள் அந்த அறைக்கே கூட்டத்தை விரட்டுவார்கள். அதற்கு முன் முற்றத்தில் நிதானமாக நிற்பது நல்லது.

அங்கே பார்க்க வேண்டியது பிரான்சுவா சிறகின் படிக்கட்டு. முகப்புக்கு வெளியே எண்கோணமாகத் துருத்திக்கொண்டு, பக்கங்கள் திறந்திருக்க, சுழன்று ஏறுகிறது. பழைய கோட்டைகளில் படி என்பது சுவருக்குள் ஒளிந்த குறுகிய சுழல். இங்கே அது மாடமாகிவிட்டது: அரசர் ஏறுவதைக் கீழேயிருப்பவர்கள் பார்க்க வேண்டும், கீழே நடப்பதை மேலேயிருப்பவர்கள் பார்க்க வேண்டும். அசே லெ ரிதோவில் படிக்கட்டு இத்தாலிய முறைப்படி நேராக மடிந்து ஏறுகிறது. அம்புவாஸில் கோபுரத்துக்குள் படியே இல்லை. குதிரைகளும் வண்டிகளும் ஏறும் அகன்ற சாய்தளம் சுற்றிச் சுற்றி மேலே போகிறது. எந்தக் கோட்டையிலும் படிக்கட்டில் சில நிமிடம் கூடுதலாகச் செலவிடுவது வீணாகாது.

படிக்கட்டுகளின் அரசன் ஷாம்போரில் இருக்கிறது. 1519-இல் பிரான்சுவா தொடங்கிய இம்மாளிகையில் 400-க்கும் மேற்பட்ட அறைகள், 282 கணப்புகள். நட்ட நடுவில் இரண்டு சுழல்கள் ஒன்றையொன்று தழுவி ஏறுகின்றன. ஒன்றில் ஏறுபவரும் மற்றதில் இறங்குபவரும் நடுத்தூணின் திறப்புகள் வழியே பார்த்துக்கொள்ளலாம், வழியில் சந்திக்க முடியாது. லியோனார்டோ டா வின்சி 1516-இல் பிரான்சுவாவின் அழைப்பில் அம்புவாஸ் வந்து, ஷாம்போர் தொடங்கிய அதே 1519-இல் அங்கேயே காலமானார். படிக்கட்டின் எண்ணம் அவருடையது என்று பலரும் கருதுகிறார்கள், சான்றாகும் ஆவணம் இல்லை. படிகள் கொண்டுபோய் விடும் கூரைதான் ஷாம்போரின் உச்சம். புகைபோக்கிகளும் சிறு கோபுரங்களும் ஊர்போல நெருங்கி நிற்கும் அந்த மொட்டைமாடியில், வெள்ளைக் கல்லில் கற்பலகைத் துண்டுகளை வட்டமாகவும் சாய்சதுரமாகவும் பதித்து இத்தாலியப் பளிங்கின் தோற்றத்தை வரவழைத்திருக்கிறார்கள்.

ஷாம்போரின் அறைகள் பல வெறுமையாக இருப்பது சிலருக்கு ஏமாற்றம். ஆனால் அந்த வெறுமைதான் உண்மைக்கு நெருக்கமானது. அரசவை ஊர் ஊராக நகர்ந்துகொண்டே இருந்தது. கட்டில், பெட்டி, பாத்திரம், சுவரில் தொங்கும் சித்திரத் திரைச்சீலை எல்லாம் வண்டிகளில் கூடவே வந்து, கூடவே போயின. பிரான்சுவாவே தம் ஆட்சிக்காலம் முழுவதிலும் ஷாம்போரில் தங்கியது சில வாரங்கள்தான். குளிரைத் தடுக்கவும் சுவருக்கு நிறம் கொடுக்கவும் பயன்பட்ட திரைச்சீலைகளைக் காண ஆன்ஜே மீண்டும் அழைக்கும். 14 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நெய்த, பைபிளின் திருவெளிப்பாட்டைச் சித்திரிக்கும் தொடர் அங்கே சுமார் நூறு மீட்டர் எஞ்சியிருக்கிறது. நிறம் மங்காதிருக்க அரங்கில் ஒளியைக் குறைத்திருப்பார்கள். கண் பழகும் வரை காத்திருக்க வேண்டும்.

செனோன்சோவுக்கு மட்டும் அரைநாள் ஒதுக்குவது தகும். ஷேர் ஆற்றில் பழைய நீர்மில்லின் அடித்தூண்கள் மேல் 1513-க்கும் 1521-க்கும் இடையில் இது எழுந்தது. உரிமையாளர் தொமா போயே பெரும்பாலும் வெளியூரில் இருக்க, வேலையை நடத்தியவர் மனைவி கேத்தரின் பிரிசொன்னே. பின்னர் இரண்டாம் ஹென்றி இதைத் தம் காதலி தியான் த புவாத்தியேக்குக் கொடுத்தார். மறுகரைக்குப் பாலம் கட்டியவர் தியான். 1559-இல் அரசர் இறந்ததும், அரசி கேத்தரின் தெ மெடிசி ஷொமோன் கோட்டையைக் கொடுத்து இதை வாங்கிக்கொண்டு, அதே பாலத்தின் மேல் 60 மீட்டர் நீளக் கூடம் எழுப்பினார். ஹென்றியின் எச் எழுத்தும் கேத்தரினின் சி எழுத்தும் பின்னிய முத்திரையை உற்றுப் பார்த்தால் தியானின் டி தெரியும். தியான், கேத்தரின் இருவருடைய தோட்டங்களும் இன்றும் எதிரெதிரே இருக்கின்றன. முதல் உலகப் போரில் அந்தக் கூடம் மருத்துவமனையானது. இரண்டாம் உலகப் போரில் ஷேர் ஆறே ஜெர்மானியர் பிடித்த பகுதிக்கும் பிடிக்காத பகுதிக்கும் எல்லையாக இருந்தது. கூடத்தின் தெற்கு வாசல் எல்லைக்கு அப்பால் திறந்தது. ஆற்றின் மேல் வளைவுகள் வரிசையாக நிற்கும் காட்சி கரையிலிருந்துதான் முழுமையாகக் கிடைக்கும். மாலையில் வெயில் மேற்கு முகத்தில் விழும்.

தோட்டத்துக்கு வில்லாந்திரி. 1906-இல் இதை வாங்கிய ஸ்பானிய மருத்துவர் ஹொவாகின் கார்வாயோ, முந்தைய பூங்காவை அகற்றி, 16 ஆம் நூற்றாண்டு முறையில் தோட்டங்களை மீட்டமைத்தார். ஒன்பது பெரிய சதுரங்களில் கோஸும் பூசணியும் பீட்ரூட்டும் நிறம் பார்த்து நடப்பட்டுள்ளன. முதலில் மேல்மாடத்திலிருந்து வடிவத்தைப் பார்த்துவிட்டு, பிறகு பாத்திகளுக்குள் இறங்க வேண்டும். கீழேயிருந்து தொடங்கினால் கணக்குப் பிடிபடாது.

ஒரு நாளைக்கு இரண்டு கோட்டை போதும். லாஞ்ஜே, அசே லெ ரிதோ, வில்லாந்திரி மூன்றும் ஒன்றுக்கொன்று பதினைந்து கிலோமீட்டருக்குள் உள்ளன. புளுவா, ஷாம்போர், ஷெவெர்னி இன்னொரு கூட்டம். டின்டின் சித்திரக்கதை வாசகர்களுக்கு ஷெவெர்னி பழகிய வீடு. கேப்டன் ஹேடாக்கின் மாளிகையை ஓவியர் எர்ஷே இதன் இரு ஓரச் சிறகுகளை நீக்கி வரைந்தார். அம்புவாஸும் செனோன்சோவும் மூன்றாவது இணை. தூர் நகரில் தங்கினால் அம்புவாஸ், புளுவா, செனோன்சோ, லாஞ்ஜே, சோமூர் ஆகியவற்றுக்கு ரயிலிலேயே போகலாம். ஷாம்போருக்குப் பேருந்தோ காரோ சைக்கிளோ வேண்டும். கோடையில் கூட்டம் அதிகம், அப்போது ஆற்றில் நீர் வற்றி மணல்திட்டுகள் எழும். மே, செப்டம்பர் மாதங்களில் ஒளியும் நடமாட்டமும் இதமாக இருக்கும். வெள்ளத்தைத் தடுக்கப் போட்ட கரைமேடுகளின் மேலேயே பல இடங்களில் சாலை போகிறது. சோமூரை அப்படி ஆற்றுப் பக்கமிருந்து அணுகுவது சிறந்தது. போகும் முன், பெர்ரி கோமகனுக்காக 15 ஆம் நூற்றாண்டில் தீட்டப்பட்ட நாட்காட்டி ஓவியங்களில் செப்டம்பர் மாதப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். முன்னால் திராட்சை பறிப்பவர்கள், பின்னால் வெள்ளைச் சோமூர், அதன் கூரையில் இன்று இல்லாத எத்தனையோ சிகரங்கள்.